ஆடிட்டருக்கு விட்டம், எனக்குத் தரை: பழைய வீட்டில் பங்கு வாங்குவது என்றால் என்ன?

எங்கள் கட்டடத்தில் கீழே ஆடிட்டர் அலுவலகத்துக்கு எது கூரையோ, அதுதான் மேலே என் வீட்டுக்குத் தரை. நடுவில் பதினோரு தேக்கு விட்டங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி அடைமழையில் ஒரு விட்டத்தின் முனை உளுத்துப்போய், அவருடைய கோப்புகள் மேல் சுண்ணாம்புத் தூள் உதிர ஆரம்பித்தது. "உங்க தரைதானே டீச்சர், நீங்கதான் பார்க்கணும்" என்றார். "உங்க தலைக்கு மேலதானே சார் இருக்கு, நீங்கதான் பார்க்கணும்" என்றேன் நான். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அந்த விட்டம் எட்டுப் பேருக்குச் சொந்தம்.

அது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது புரிந்தமாதிரிதான் இருந்தது. உண்மையில் புரிந்தது அந்தத் தூள் உதிர்ந்த பிறகுதான். டெல்டாவில் இந்த மாதிரிப் பழைய வீட்டில் ஒரு பாகம் வாங்கலாமா, அலுவலகம் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு கும்பகோணத்தில், காவிரிக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற மெத்தை வீடு, அதாவது மாடி வீடு. ஒரு பாத்திர வியாபாரக் குடும்பம் கட்டியது. தெருப்பக்கம் 40 அடி அகலம். உள்ளே கொல்லைக் கதவு வரைக்கும் 180 அடி நீளம். திண்ணை, ரேழி என்கிற நடை, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நின்று பார்த்தால் சின்ன வீடு, நடந்து பார்த்தால் பெரிய வீடு. மூன்று தலைமுறை கழிந்தபோது வாரிசுகள் பதினோரு பேர். சென்னையில் சிலர், பெங்களூரில் சிலர், அமெரிக்காவில் இரண்டு பேர். யாரும் வந்து குடியிருக்கப்போவதில்லை; யாரும் விட்டுக்கொடுக்கவும் தயாராக இல்லை. ஓட்டில் செடி முளைத்து, முற்றத்தில் குரங்கு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. நல்லவேளையாக வாரிசுகளில் ஒருவர் வக்கீல். அவர் போட்ட திட்டத்தில்தான் இன்று இதில் ஐந்து குடியிருப்பும் மூன்று அலுவலகமும் இருக்கின்றன.

ஒரு வீட்டில் பலபேர் இருப்பது

நமக்கு இது புதுசு இல்லை. ஒரே வாசல், எட்டுக் குடும்பம், ஒரு கிணறு என்று ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் வாடகைக்காரர்கள். கூரை ஒழுகினால் வீட்டுக்காரரைத் திட்டிவிட்டு ஒரு பாத்திரத்தை அடியில் வைத்தால் போதும்.

தஞ்சாவூர் அரண்மனையும் ஒருவகையில் இப்படித்தான். நாயக்கர் காலத்தில் தொடங்கி மராட்டியர் காலத்தில் வளர்ந்த அந்தக் கோட்டைக்குள் இன்று சரஸ்வதி மகால் நூலகம் ஒரு பக்கம், கலைக்கூடம் ஒரு பக்கம். சுற்றுலாப் பயணிகள் போகிற வழியிலேயே அலுவலக ஊழியர்களும் போகிறார்கள். ஒரு பழைய கட்டடத்தைப் பல வேலைக்குப் பகிர்ந்துகொள்வதற்கு இதைவிடக் கண்ணெதிரே உதாரணம் வேண்டாம். ஆனால் அங்கேயும் பகிர்ந்துகொள்வது பயன்பாட்டை மட்டும்தான். அறைக்கு ஒரு பத்திரம் என்று யாரிடமும் இல்லை.

இரண்டாவது வழி பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பிரிந்தால் முற்றத்துக்கு நடுவே ஒரு சுவர். வடபாகம் அண்ணனுக்கு, தென்பாகம் தம்பிக்கு. இப்படிப் பிளந்த வீடுகளைத் திருவையாறிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வெளிச்சமும் காற்றும் வருவதற்கென்று வைத்த முற்றத்தில் சுவர் வந்தால், இரண்டு பக்கமும் இருட்டு. மழைத்தண்ணீர் போகிற ஜலதாரை ஒருவர் பக்கம் மாட்டிக்கொள்ளும். அவர் அடைத்தால் இவர் கூடத்தில் தண்ணீர். பிளக்கவே முடியாத வீடு என்றால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியதுதான். 1893-இல் வந்த பாகப்பிரிவினைச் சட்டப்படி, பிரித்தால் சரிவராது என்ற நிலையில், பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் கேட்டால், நீதிமன்றம் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். பணத்தைப் பிரிப்பது சுலபம். வீடு போய்விடும்.

மூன்றாவது வழிதான் எங்களுடையது. உள்ளே பிரித்துக்கொள்வது, வெளியே பிரிக்காமல் வைத்துக்கொள்வது. என் நான்கு சுவருக்குள் இருக்கிற இடம் எனக்கு மட்டும் சொந்தம். அந்தச் சுவர், அதைத் தாங்குகிற அஸ்திவாரம், கூரை, விட்டம், முற்றம், கிணறு, ரேழி, அடியில் இருக்கிற மண் எல்லாம் எட்டுப் பேருக்கும் சேர்ந்து சொந்தம். அதில் என் பங்கு எட்டில் ஒன்று. ஆனால் எந்த எட்டில் ஒன்று என்று விரலால் காட்ட முடியாது. காட்ட முடிந்தால் அது பாகப்பிரிவினை ஆகிவிடும். முற்றத்தின் ஒவ்வொரு செங்கல்லிலும் எனக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர்தான் பிரிபடாத பாகம். ரியல் எஸ்டேட்காரர்கள் வாயில் யூடிஎஸ்.

இப்படி மாடியில் ஒரு துண்டைத் தனியாக விற்பதற்கென்று தனிச்சட்டங்கள் பல இடங்களில் வந்தது அவ்வளவு பழைய கதை இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கென்று தனிச்சட்டம் போட்டது 1961-இல். மகாராஷ்டிரம் 1970-இல் போட்டது. தமிழ்நாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது 1994-இல். அதற்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வீடு இந்தச் சட்டங்களை எல்லாம்விட வயதில் மூத்தது. அதனால்தான் புதுச் சட்டைக்குள் பழைய உடம்பை நுழைப்பது மாதிரி சில இடங்களில் இறுக்குகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம். தமிழில் மனையையும் பிளாட் என்கிறோம், அடுக்குமாடி வீட்டையும் பிளாட் என்கிறோம். "கும்பகோணத்துல ஒரு பிளாட் வாங்கியிருக்கேன்" என்று நான் சொன்னபோது என் தங்கை வெறும் மனை என்று நினைத்துக்கொண்டு, "கிணறு போட்டாச்சா?" என்று கேட்டாள். கிணறு நூறு வருடமாக இருக்கிறது என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கணக்கு

பிரிபடாத பாகத்தைக் கணக்குப் போடுவது நான்காம் வகுப்புக் கணக்கு. உங்கள் வீட்டின் பரப்பை எல்லா வீட்டின் மொத்தப் பரப்பால் வகுத்து, மனையின் பரப்பால் பெருக்கவேண்டும். எங்கள் மனை 40க்கு 180, அதாவது 7,200 சதுர அடி. எட்டுப் பாகமும் சேர்ந்து 4,800 சதுர அடி. என்னுடையது 600. ஆக எட்டில் ஒரு பங்கு, 900 சதுர அடி மண். வீட்டைவிட மண் அதிகம்!

இதே மனையில் பழசை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால்? 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி பொதுவாக மனையைப்போல் இரண்டு மடங்கு பரப்பு வரை கட்டலாம். 14,400 சதுர அடி. அதில் ஒரு 600 சதுர அடி வீட்டுக்கு வரும் மண் 300 சதுர அடி. பழைய வீட்டுப் பாகத்துக்கு விலை ஏன் நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறது, இடித்துக் கட்டுகிறவர்கள் ஏன் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்பதற்கு இந்த 900-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம்தான் காரணம். 2028 மகாமகம் நெருங்க நெருங்க இன்னும் அதிகமாக வருவார்கள்.

அடுத்த கணக்கு சுவர். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். வெளி அளவு 30 அடிக்கு 20 அடி என்றால் 600 சதுர அடி. நான்கு பக்கமும் இரண்டடி கனச் சுவர் என்றால் உள்ளே 26-க்கு 16. கிடைப்பது 416 சதுர அடி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போய்விட்டது. முக்கால் அடிச் சுவர் உள்ள புது வீட்டில் இதே வெளி அளவுக்கு 527 கிடைக்கும். ரெரா என்று எல்லோரும் சொல்கிற 2016 மனை வணிகச் சட்டம் 'கார்பெட் ஏரியா' என்று வரையறுப்பதில் வெளிச்சுவரின் கனம் சேராது. உள்ளே இருக்கிற தடுப்புச் சுவர் சேரும். அதனால் பழைய கட்டடத்தில் விலை பேசும்போது, சதுர அடி என்று சொன்னால் எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். அதே சமயம், சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் போட்டு மத்தியானம் தூங்குகிற சுகத்தை அந்த இரண்டடிச் சுவர்தான் கொடுக்கிறது. அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியாது.

மண் யாருடையது?

டெல்டாவில் இதைத்தான் முதலில் கேட்கவேண்டும். வேறு ஊரிலிருந்து வருகிற பலருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் இவை. பல தெருக்களில் வீடு குடும்பத்துடையது, அடியில் உள்ள மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. அந்த மண்ணுக்கு அடிமனை என்று பெயர். தாத்தா காலத்திலிருந்து அடிமனை வாடகை கட்டிக்கொண்டு, மேலே மாளிகை மாதிரி வீடு கட்டி வாழ்ந்திருப்பார்கள். மண் ஒருவருக்கும் கட்டடம் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம் என்பதை நம் நாட்டு நீதிமன்றங்களும் ஒப்புக்கொள்கின்றன. சரி, இப்போது யோசியுங்கள். அப்படிப்பட்ட வீட்டைப் பாகம் பாகமாக விற்றால் என்ன விற்க முடியும்? செங்கல், மரம், ஓடு. மண்ணில் பிரிபடாத பாகம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை, ஏனென்றால் விற்பவரிடமே அது இல்லை. 1959 அறநிலையச் சட்டப்படி கோயில் சொத்தை விற்கவோ ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். நியாய வாடகை நிர்ணயிப்பதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வாடகை திருத்தப்படும்போது பழைய வாடகையை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தலைசுற்றும்.

இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அங்கே பழைய கட்டடங்களில் ஃபிளாட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது நீண்டகாலக் குத்தகையைத்தான். மண் வேறு யாருக்கோ சொந்தம். வருடாவருடம் நில வாடகை போகும். 2022-இல் சட்டம் போட்டுப் புதிய குத்தகைகளில் அந்த வாடகையை நிறுத்தினார்கள். குடியிருப்பவர்களே கூட்டாகச் சேர்ந்து மண்ணை வாங்கிக்கொள்வதும் அங்கே உண்டு. கோயில் அடிமனையில் அந்த மாதிரி வாங்கிவிட முடியாது.

எங்கள் வீட்டு மண் பட்டா மண், கோயிலுடையது இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத் தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை எல்லாவற்றையும் ஒரு வக்கீல் பார்த்தார். செக்குபந்தியில், அதாவது பத்திரத்தில் மனையின் நான்கு எல்லையைச் சொல்கிற இடத்தில், 'கிழக்கு எல்லை: கோயில் மனை' என்று ஒரு வரி வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து மனைதான், நம்முடையது இல்லை என்று தெளிவாகிற வரை மூன்று வாரம் போனது. நான் பொறுமை இழந்துதான் போனேன். இப்போது நினைத்தால் அந்த மூன்று வாரம்தான் நான் செய்த நல்ல செலவு.

மண்ணுக்கு அடுத்தபடி வாரிசு. பதினோரு பேரில் ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் மொத்தமும் ஆட்டம் காணும். குறிப்பாகப் பெண் வாரிசுகள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. அப்போது திருமணமாகாதவர்களுக்கு மட்டும். 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. "அத்தைக்கெல்லாம் அப்பவே நகை போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், நகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு அத்தையின் கையெழுத்தைக் கேளுங்கள். ஒரு பங்காளியிடம் மட்டும் அவர் பங்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்றும் நினைக்காதீர்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது என்று 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்கிறது. பங்கு இருக்கும், படுக்க இடம் இருக்காது.

சுவருக்கும் வாய் உண்டு

புது அடுக்குமாடியில் பெரும்பாலும் கான்கிரீட் தூண்கள்தான் பாரம் தாங்கும். அப்படிப்பட்ட இடத்தில், நடுவில் பாரம் தாங்காமல் இருக்கிற சுவரை உடைத்துக் கூடத்தைப் பெரிசாக்கலாம், பெரிய ஆபத்து இல்லை. இங்கே தூணே கிடையாது. தாழ்வாரத்து மரத்தூணைத் தவிர. ஒவ்வொரு சுவரும் தலையில் எதையாவது சுமந்துகொண்டு நிற்கிறது. அதனால் என் அறைச் சுவரில் ஏசிக்குத் துளை போடுவதுகூட என் சொந்த விஷயம் இல்லை.

மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ் வகை. விட்டங்களைக் கிட்டக் கிட்டப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்காக, செங்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். வெயிலுக்கு இதைப்போல ஒரு கூரை கிடையாது. இதன் எதிரி தண்ணீர். விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது அல்லவா, அங்கே ஈரம் இறங்கினால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். ஆகவே எங்கள் சங்கத்தின் துணைவிதியில் ஒரு வரி: மாடியில் விட்டத்தின் மேல் குளியலறை கட்டக் கூடாது. எல்லாக் குளியலறையும் கொல்லைப்பக்கம் தனியாக எழுப்பிய புதுப் பகுதியில்தான். நடுராத்திரியில் எழுந்து தாழ்வாரம் தாண்டிப் போகிற அலுப்பு எனக்கும் உண்டு. ஆனால் ஒருமுறை உளுத்த மரத்தைக் கையால் பிய்த்துப் பார்த்துவிட்டால் அந்த அலுப்பு போய்விடும்.

கீழ்த்தளத்தின் தொந்தரவு ஓதம், அதாவது அடியிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம். கும்பகோணம் வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊர். மேட்டூரைத் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் எங்கள் கிணறு ஏறும். கிணறு ஏறினால் சுவரில் ஈரம் ஏறும். பழைய கொத்தனார்களுக்கு இது தெரியும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தால் உதிர்ந்ததெல்லாம் சரியாகிவிடும். பொங்கல் வெள்ளை என்பது அழகுக்கு மட்டும் இல்லை, அதுதான் இந்த வீடுகளின் பராமரிப்பு அட்டவணை.

இதைத் தெரியாத ஒருவர், யார் என்று சொல்லவேண்டாம், தன் அலுவலகச் சுவரில் நாலடி உயரத்துக்கு 'பலமாக இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசினார். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்துக்கு மேல் உப்பாகப் பூத்தது. அடுத்த வருடம் பெயின்ட் வாங்கி அதற்குமேல் அடித்தார். அது பப்படம் மாதிரிப் பொங்கியது. கடைசியில் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பைத் திரும்பப் பூசினோம். செலவு எட்டுப் பேருக்கு. உள்ளே பூசிய பூச்சு அவருடையது, சுவர் எங்கள் எல்லோருடையது, உப்பு யாருடையது என்று அன்றைக்கு மூன்று மணி நேரம் பேசினோம்.

பக்கத்து வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் வாங்கவேண்டும். இந்தத் தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பொதுச்சுவர். பக்கத்து வீட்டை ஒரு கட்டுமான நிறுவனம் இடித்தபோது அதுவரை வெயிலே படாமல் இருந்த எங்கள் சுவர் திடீரென்று அடைமழையில் நின்றது. தூணுக்கு அவர்கள் குழி தோண்டியபோது களிமண் நெகிழ்ந்து, ரேழியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். தோண்டுவதற்கு முன்பே புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்திருந்ததால் சரிசெய்து கொடுத்தார்கள். இல்லையென்றால் 'அது பழைய விரிசல்' என்று போயிருப்பார்கள்.

யார் எவ்வளவு கொடுப்பது

சட்டப்படி பொதுச்செலவு பாகத்தின் விகிதத்தில்தான். எட்டில் ஒரு பங்கு உள்ளவர் எட்டில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். உளுத்த விட்டத்துக்கும் அப்படித்தான். கொல்லைப்பக்கம் இருக்கிற டியூஷன் சென்டர்காரர், "எனக்கு ஓட்டுக்கூரை, அந்த விட்டத்தை நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல" என்றார். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த மாதம் குரங்கு அவர் ஓட்டை உடைத்தால் அதற்கு நான் கொடுக்கவேண்டியிருக்கும், என் தலைக்கு மேல் ஓடு கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி டெல்டாவைப் புரட்டியதே, அதில் ஓட்டுக்கூரைகள் என்ன பாடுபட்டன என்று இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கூரையைப் பொதுவில் வைத்திருப்பது ஒருவகைக் காப்பீடு என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பொதுவிலும் இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முற்றம், கிணறு, ரேழி எல்லோருக்கும். மாடிப்படி சட்டப்படி பொது, ஆனால் மேலே உள்ள மூன்று வீட்டுக்கு மட்டும்தான் பயன். இந்த மாதிரிச் 'சிலருக்கு மட்டுமான பொது' எது எது என்று ஆரம்பத்திலேயே பத்திரத்தில் எழுதி, வரைபடத்தில் நிறம் தீட்டிவிடவேண்டும். எங்களுடையதில் திண்ணையை எழுதாமல் விட்டுவிட்டார்கள். விளைவு: ஆடிட்டரைப் பார்க்க ஜூலை மாதம் வருகிற கூட்டம் முழுக்கத் திண்ணையில், சாயங்காலம் காற்றுக்கு உட்காரப் போகிற எங்களுக்கு இடமில்லை. மார்கழியில் கோலம் போட்ட வாசலில் எட்டு மணிக்கெல்லாம் பைக் ஏறி நிற்கும். வாய்ப்பேச்சில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: வாசல் பத்து மணி வரை வீடுகளுக்கு, ஆறு மணி வரை அலுவலகங்களுக்கு, அப்புறம் மறுபடி எங்களுக்கு.

அலுவலகமும் வீடும் கலந்திருப்பதில் நல்லதும் இருக்கிறது. பகலில் வாசலில் ஆள் இருக்கிறது. நான் ஒரு வாரம் ஊருக்குப் போனால் பயமில்லை. கெட்டது பணத்தில் வரும். வணிகப் பயன்பாட்டுக்குச் சொத்துவரியும் மின்கட்டணமும் வேறு. ஒரே வரி எண்ணில் மொத்தக் கட்டடமும் இருந்தால் எந்த ரூபாய் யாருடையது என்பதே சண்டையாகும். மாநகராட்சியில் எட்டுத் தனி வரி எண், மின்வாரியத்தில் எட்டு மீட்டர், மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் ஒன்பதாவது மீட்டர் என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. வீட்டை அலுவலகமாக மாற்றினால் அந்தப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும்.

எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சங்கம், 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். மாதாமாதம் ஒரு தொகை, அது போகப் பெரிய செலவுக்கென்று சேர்த்துவைக்கிற மூலநிதி. புது அடுக்குமாடியில் மூலநிதி லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் போகும். இங்கே தேக்குக்கும் சுண்ணாம்புக்கும், எல்லாவற்றையும்விட ஆளுக்கும். புரட்டாசி பிறப்பதற்குள் ஓடு மாற்றத் தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்துவிடவேண்டும். அவர்கள் ஊருக்கு ஓரிருவர்தான் மிச்சம். கல்யாண மண்டபம் மாதிரி முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

பழசு என்றால் பாதுகாப்பா?

நூறு வருடக் கட்டடம் என்றால் அரசு இடிக்க விடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி இல்லை. 1958 மத்தியச் சட்டமோ 1966 மாநிலச் சட்டமோ காப்பாற்றுவது பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த சின்னங்களைத்தான். வெறும் வயதுக்கு மரியாதை கிடையாது. ஆனால் அப்படி அறிவித்த சின்னத்துக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால் கதை வேறு. தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலையோ தஞ்சைப் பெரிய கோயிலையோ சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதியோடுதான். தடைப்பகுதிக்குள் இருக்கிற பழைய வீட்டைப் பழுதுபார்க்கவே அனுமதி வாங்கவேண்டும். சுற்றுச்சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு பழைய வீட்டில் பாகம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று இப்போது தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கவசமும் இல்லை. புதிய அடுக்குமாடிச் சட்டப்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம். முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலே ஆபத்தான கட்டடங்கள்கூட நின்றுபோயின. அதற்காக வந்த விதி, தேவையான விதிதான். ஆனால் எட்டுப் பேர் கட்டடத்தில் இதன் பொருள், ஆறு பேர் சேர்ந்தால் முற்றம் போய்விடும். நான் ஒருத்தியாக நின்று எதையும் காப்பாற்ற முடியாது. மூன்று பேர் வேண்டும். யாராவது பாகத்தை விற்கப்போகிறார்கள் என்றால், என்ன விலைக்கு என்பதைவிட யாருக்கு என்பதைத்தான் நாங்கள் விசாரிக்கிறோம்.

உளுத்த விட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. முழு விட்டத்தையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. சுவாமிமலைப் பக்கத்திலிருந்து வந்த தச்சர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, கெட்ட முனை ஒன்றரை அடியை மட்டும் அறுத்துவிட்டு, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்குத் துண்டைப் பல்வைத்து இணைத்தார். நான்கு நாள் வேலை. கீழே ஆடிட்டர் தன் மேஜையை முற்றத்தில் போட்டுக்கொண்டார். மேலே நான் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினேன். டியூஷன் சென்டர்காரர் முதல் தவணையிலேயே தன் பங்கைக் கட்டிவிட்டார். போகும்போது தச்சர் ஏழாவது விட்டத்திலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். "இப்ப ஒண்ணும் இல்லம்மா, அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி ஒருதடவை கூப்பிடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் கூட்டம் வைத்திருக்கிறோம்.